சூட்டால் எழுதி, சூட்டால் அழிக்கும் வட்டு – ஒரு வரலாறு

இந்த ஆண்டு மலருக்கு என்ன எழுதப் போகிறீர்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டபோது, "சி.டி. பற்றி" என்றேன். போனில் சற்று மௌனம். "சார், சி.டி.யை இப்ப யார் பார்க்கிறாங்க?" என்றார் குழுவின் இளைய உறுப்பினர். நியாயமான கேள்விதான். ஆனாலும் எழுதுகிறேன். காரணம், என் பீரோவில் இருக்கும் ஒரு வட்டு. அது கட்டுரையின் கடைசியில் வரும், முதலில் வரலாறு.

குறுந்தகடு என்று நாம் சொல்லும் சி.டி., 1982-இல் பிலிப்ஸ், சோனி ஆகிய இரு நிறுவனங்களின் கூட்டு முயற்சியில் கடைக்கு வந்தது. 12 சென்டிமீட்டர் விட்டம், 1.2 மில்லிமீட்டர் தடிமன். பாட்டு கேட்கலாம், எழுத முடியாது. 1988-இல் ஜப்பானின் தாயோ யூடன் நிறுவனம் சாயம் பூசிய வட்டைக் காட்டியது. அதில் ஒரு முறை எழுதலாம். லேசர் பட்ட இடத்தில் சாயம் கருகிவிடும்; கருகியது கருகியதுதான். நேரு பிளேஸ் நடைபாதையில் ஐம்பது ஐம்பதாகக் கோத்து விற்றார்களே, அதெல்லாம் இந்த வகை. அதே கடைகளில் ஓரமாக, இரண்டு மூன்று மடங்கு விலையில், சாம்பல் நிறத்தில் இன்னொரு வகை இருக்கும். எழுதலாம், அழிக்கலாம், மறுபடி எழுதலாம். சிலேட்டு மாதிரி. நான் சொல்ல வந்தது இந்தச் சாம்பல் நிற வட்டின் கதை.

சூடு ஒன்றையே கொண்டு எழுதவும் அழிக்கவும் எப்படி முடிகிறது? இதற்கு விடை நம் வீட்டு அடுப்படியிலேயே இருக்கிறது. சர்க்கரைப் பாகை மெதுவாக, நாள் கணக்கில் ஆறவிட்டால் கற்கண்டு கட்டும். அதே பாகை நன்றாகக் காய்ச்சிக் குளிர்ந்த கல்லில் சட்டென்று ஊற்றினால் கண்ணாடி போன்ற மிட்டாய் கிடைக்கும். இரண்டும் சர்க்கரைதான். கற்கண்டில் மூலக்கூறுகள் அணிவகுத்து நிற்கின்றன. மிட்டாயிலோ வரிசையில் நிற்க நேரம் கிடைக்காமல், ஓடுகிற ரயிலில் ஏறிய கூட்டம் மாதிரி நின்ற இடத்தில் உறைந்துவிட்டன. முன்னதைப் படிக நிலை என்றும் பின்னதைப் படிகமற்ற நிலை என்றும் சொல்வார்கள். (என் மனைவி இதைப் படித்துவிட்டு, "பாகு பதம் தெரிஞ்சவங்களுக்கு இதெல்லாம் புதுசா?" என்று கேட்டார்.)

வட்டிலும் இதே சங்கதி. டெலூரியம் கலந்த ஒரு கலவை, ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு தடிமனில், பூச்சாக இருக்கிறது. லேசரைப் பலமாக அடித்தால் அந்தப் புள்ளி 600 டிகிரி அளவுக்குச் சூடேறி உருகுகிறது. லேசரை எடுத்ததும் சுற்றியுள்ள அடுக்குகள் சூட்டை உறிஞ்சிவிட, நொடியில் உறைந்து மிட்டாய் ஆகிறது. இது எழுத்து. லேசரை மிதமாக அடித்தால் 200 டிகிரி அளவுக்கு ஏறுகிறது, உருகுவதில்லை. ஆனால் அணுக்கள் நெளிந்து வரிசைக்கு வந்து கற்கண்டு ஆகின்றன. இது அழிப்பு. இன்னும் மெல்லிய ஒளியில் பார்த்தால் படிக இடம் பளிச்சென்றும் மற்றது மங்கலாகவும் தெரியும். இது வாசிப்பு. ஒரே லேசர், மூன்று பலம். அவ்வளவுதான்.

இதைக் கண்டுபிடித்தவர் ஒரு லேத் பட்டறைக்காரர் என்றால் பலர் நம்புவதில்லை.

ஸ்டான்ஃபோர்டு ஆவ்ஷின்ஸ்கி 1922-இல் அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் பிறந்தார். தந்தை லித்துவேனியாவிலிருந்து வந்து குடியேறியவர். பழைய இரும்பு வாங்கி விற்றுப் பிழைத்தார். நம்மைப் போல, ஊரை விட்டு வந்த குடும்பம். மகன் கல்லூரிப் பக்கம் போகவில்லை. லேத் வேலை கற்று, தானியங்கி லேத் ஒன்றை வடிவமைத்து, அதற்குத் தன் தந்தையின் பெயரான பெஞ்சமின் என்பதையே வைத்தார். பிறகு எங்கோ தாவி மூளையின் நரம்பணுக்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தார். நரம்பணு ஓர் அளவு வரை சும்மா இருக்கிறது, அதைத் தாண்டியதும் சட்டென்று பாய்கிறது. இதையே ஒரு பொருளைக் கொண்டு செய்ய முடியாதா என்பது அவர் கேள்வி. 1960-இல் அவரும், உயிர்வேதியியல் படித்த ஐரிஸ் அம்மையாரும் சேர்ந்து டெட்ராயிட்டில் ஒரு சிறிய ஆய்வகம் தொடங்கினார்கள். அவர் கையில் எடுத்தது டெலூரியம், செலினியம், கந்தகம் சேர்ந்த கண்ணாடிக் கலவைகள்.

அந்தக் காலத்து இயற்பியலாளர்களுக்குப் படிகம்தான் தெய்வம். சிலிக்கான் ஒற்றைப் படிகமாக, சுத்தமாக, ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். டிரான்சிஸ்டர் அதில்தான் வேலை செய்யும். ஒழுங்கில்லாத கண்ணாடி என்பது குப்பை. அந்தக் குப்பையை எடுத்து வைத்துக்கொண்டு, பட்டம் இல்லாத ஒருவர், இதில் மின்சாரத்தைத் திறந்து மூட முடியும், நினைவகமே செய்ய முடியும் என்று 1968 நவம்பரில் 'ஃபிசிக்கல் ரெவ்யூ லெட்டர்ஸ்' இதழில் கட்டுரை எழுதினார். நியூயார்க் டைம்ஸ் அதை முதல் பக்கத்தில் போட்டது. கம்பெனிப் பங்கு விலை ஏறியது. அறிஞர்கள் கோபப்பட்டார்கள். பத்திரிகையில் அளந்துவிடுகிறார் என்றும், இதில் புதிதாக ஒன்றுமில்லை என்றும் பேச்சு எழுந்தது. பேச்சில் முழுப் பொய் இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆவ்ஷின்ஸ்கி வாக்குறுதிகளைத் தாராளமாக அள்ளி வீசுபவர்தான். சொன்னதில் பல காலத்தில் வந்து சேரவில்லை. ஆனால் இங்கிலாந்தின் நெவில் மாட் போன்ற பெரியவர் அந்தக் கண்ணாடிகளை மதித்துப் பார்த்தார். ஒழுங்கற்ற பொருள்களின் இயற்பியலுக்காக மாட்டும் இன்னும் இருவரும் 1977-இல் நோபல் பரிசு பெற்றார்கள். குப்பைக்கு மரியாதை வந்துவிட்டது.

1971-இல் ஃபைன்லிப், டிநியூவில், மாஸ், ஆவ்ஷின்ஸ்கி நால்வரும் சேர்ந்து, இந்தக் கண்ணாடியை லேசர் துடிப்பால் படிகமாக்கலாம், மறுபடி பழைய நிலைக்கும் கொண்டுவரலாம் என்று காட்டினார்கள். நம் சாம்பல் நிற வட்டின் பிறப்புச் சான்றிதழ் என்று அந்தக் கட்டுரையைச் சொல்லலாம். இசைத் தகடு கடைக்கு வருவதற்குப் பதினோரு வருடம் முன்பே, அழித்து எழுதும் வட்டுக்கு விதை போட்டாகிவிட்டது!

பிறகு ஏன் இத்தனை தாமதம்? இரண்டு காரணம் எனக்குத் தெரிகிறது. ஒன்று லேசர். அறை வெப்பநிலையில் தொடர்ந்து எரியும் குறைக்கடத்தி லேசர் 1970-இல்தான் ரஷ்யாவில் அல்ஃபெரோவ் குழுவிலும், பெல் ஆய்வகத்தில் ஹயாஷி, பானிஷ் இருவரிடமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் உருவானது. அது மலிவாகிக் கைக்கு வரப் பத்து வருடம் ஆயிற்று. இரண்டாவது காரணம் கலவை. வேகமாகப் படிகமாகும் பொருள் வேண்டும் என்றால், அது பீரோவில் சும்மா கிடக்கும்போதும் தானாகப் படிகமாகிவிடும், அதாவது எழுத்து அழிந்துவிடும். பல வருடம் தாங்கும் பொருள் வேண்டும் என்றால், அழிக்கும்போது படிகமாக நேரம் எடுக்கும். சீக்கிரம் மறக்கவும் வேண்டும், மறக்காமலும் இருக்க வேண்டும். இந்த முடிச்சைத்தான் யாராலும் அவிழ்க்க முடியவில்லை.

அந்த இடைவெளியில் வேறொரு வழி முந்திக்கொண்டது. இங்கேதான் நம் நாட்டுக்காரர் ஒருவர் வருகிறார்.

பிரவீண் சௌதரி 1937-இல் லூதியானாவில் பிறந்தவர். 1961-இல் கரக்பூர் ஐ.ஐ.டி.யில் உலோகவியல் பட்டம், பிறகு எம்.ஐ.டி.யில் முனைவர் பட்டம், 1966-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் நியூயார்க் ஆய்வகத்தில் வேலை. தமிழர் இல்லை, ஆனால் கரக்பூரில் படித்த நம்மவர்கள் பலர் இந்த மலரைப் படிப்பதால் அவர்களுக்குக் கொஞ்சம் பெருமையாக இருக்கட்டும்.

காந்தத்தைச் சூடாக்கினால் ஒரு வெப்பநிலையில் அதன் காந்தத்தன்மை போய்விடும். இதைக் கியூரிப் புள்ளி என்பார்கள். ஒரு மெல்லிய காந்தப் பூச்சில் ஒரு புள்ளியை மட்டும் சூடாக்கி, பக்கத்தில் ஒரு சிறு காந்தப்புலம் வைத்தால், ஆறும்போது அந்தப் புள்ளி மட்டும் திசை மாறி நிற்கும். வடக்கு மேலே என்றால் ஒன்று, கீழே என்றால் பூஜ்யம். இப்படி எழுதலாம் என்று 1958-லேயே மாங்கனீஸ்-பிஸ்மத் பூச்சில் மேயர் என்பவர் காட்டியிருந்தார். வாசிப்பதற்கு, ஸ்காட்லாந்தின் ஜான் கெர் 1870-களில் கண்ட விளைவு இருக்கிறது. காந்தப் பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியின் அதிர்வுத் தளம் இம்மியளவு திரும்பும். இம்மி என்றால் ஒரு டிகிரிக்கும் குறைவு. பூச்சு படிகமாக இருந்தால் மணி மணியான எல்லைகளில் ஒளி சிதறி, அந்த இம்மித் திருப்பம் இரைச்சலில் மூழ்கிவிடும்.

சௌதரி, ஜெரோம் குவோமோ, ரிச்சர்ட் கம்பினோ மூவரும் 1973-இல் அருமண் உலோகத்தையும் கோபால்ட் வகை உலோகத்தையும் சேர்த்து, படிகமே இல்லாத காந்தப் பூச்சை உண்டாக்கினார்கள். அவர்கள் முக்கியமாக நினைத்தது அப்போது எல்லோரும் பேசிய 'குமிழி நினைவகம்' என்ற வேறொரு கருவிக்காக. அந்தக் குமிழி 1980-களில் உடைந்துபோயிற்று. அதற்காகச் செய்த பூச்சோ, மணி எல்லைகளே இல்லாததால், ஒளியால் வாசிக்கும் காந்த வட்டுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. டெர்பியம், இரும்பு, கோபால்ட் சேர்ந்த பூச்சு அந்தத் தொழிலின் அஸ்திவாரமாயிற்று. 1988-இல் ஸ்டீவ் ஜாப்ஸ் வெளியிட்ட நெக்ஸ்ட் கணினியில் 256 மெகாபைட் காந்த-ஒளி வட்டு இருந்தது. 1992-இல் சோனியின் மினிடிஸ்க் வந்தது. மூவருக்கும் 1995-இல் அமெரிக்க அரசு தேசியத் தொழில்நுட்பப் பதக்கம் அளித்தது. சௌதரி 2010-இல் காலமானார். நம் ஊர்ப் பாடப்புத்தகங்களில் அவர் பெயரை நான் பார்த்ததில்லை.

காந்த வட்டு நல்ல வட்டுதான். ஆனால் எழுத லேசரோடு காந்தமும் வேண்டும், வாசிக்க நுணுக்கமான ஒளி அமைப்பு வேண்டும், சாதாரண சி.டி. பெட்டியில் ஓடாது. சாதாரணப் பெட்டியில் ஓட வேண்டும் என்றால், ஆவ்ஷின்ஸ்கி வழிக்கே திரும்பி வர வேண்டும்.

திரும்பியவர்கள் ஜப்பானியர்கள். மட்சுஷிடா நிறுவனம் (நமக்கெல்லாம் பானசோனிக் என்றால்தான் புரியும்) இதில் விடாப்பிடியாக இருந்தது. ஆரம்ப வட்டுகளில் அழிப்பு மெதுவாக நடந்ததால், எழுத ஒரு கதிர், அழிக்க நீளமான இன்னொரு கதிர் என்று இரண்டு லேசர் வைத்துக் கஷ்டப்பட்டார்கள். 1980-களின் நடுவில் அங்கே நொபோரு யமாடாவும் சகாக்களும் ஜெர்மானியம்-டெலூரியம் ஒரு முனை, ஆன்டிமனி-டெலூரியம் மறு முனை என்று ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டின்மீது இருக்கும் கலவைகளைச் சோதித்தார்கள். முடிச்சு அங்கே அவிழ்ந்தது. இரண்டு பங்கு ஜெர்மானியம், இரண்டு பங்கு ஆன்டிமனி, ஐந்து பங்கு டெலூரியம் – இந்தக் கலவை ஒரு விநாடியின் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் படிகமாகிறது. ஆனால் 150 டிகிரி வரை சூடாக்கினாலொழிய அசைவதில்லை. வேலை நேரத்தில் சுறுசுறுப்பு, மற்ற நேரத்தில் கல்லுப்பிள்ளையார். இதனால் இரண்டாவது லேசர் தேவையில்லாமல் போயிற்று. பழைய எழுத்தைத் தனியாக அழிக்காமல், அதன் மேலேயே புதிய எழுத்தை ஒரே ஓட்டத்தில் எழுதலாம். 1987-இல் கட்டுரை, 1990-இல் வட்டு, 1990-களின் கடைசியில் டி.வி.டி.-ராம்.

ரிக்கோ நிறுவனம் வெள்ளி, இண்டியம், ஆன்டிமனி, டெலூரியம் சேர்ந்த வேறொரு கலவையில் இறங்கியது. 1997 வாக்கில் கடைக்கு வந்த சி.டி.-ஆர்.டபிள்யூ. வட்டுகளில் பெரும்பாலும் இந்தக் கலவைதான். ஆயிரம் முறை அழித்து எழுதலாம் என்றார்கள். ஒரு குறை இருந்தது. சாதாரண சி.டி. தன்மேல் பட்ட ஒளியில் 70 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். இதுவோ 15 முதல் 25 சதவீதம்தான். ஆகவே பழைய பெட்டிகள் அதைப் பார்த்தும் பாராதது போல் "நோ டிஸ்க்" என்றன. அப்புறம் டி.வி.டி.யில் கழித்தல் குறி ஒரு கட்சி, கூட்டல் குறி ஒரு கட்சி, ராம் ஒரு கட்சி என்று சண்டை. சங்கத் தேர்தலில்கூட அப்படி நான் பார்த்ததில்லை. அதை விட்டுவிடுகிறேன்.

இந்தியாவில் இது இறக்குமதிக் கதை மட்டும் அல்ல. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில், பேராசிரியர் இ.எஸ்.ஆர். கோபால் அவர்களின் குழு இதே டெலூரியக் கண்ணாடிகளை அழுத்தத்துக்கும் மின்சாரத்துக்கும் உட்படுத்திப் பல ஆண்டு ஆராய்ந்தது. அவர் நம்மவர். பிறகு தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் இயக்குநராக இங்கேயே இருந்தார், 2018-இல் மறைந்தார். தொழிலிலும் நம் தலைநகரத்துக்குப் பங்குண்டு. 1983-இல் தில்லியில் அலுவலக நேரப்பதிவுக் கருவி செய்யத் தொடங்கிய மோசர் பேர், ஃப்ளாப்பிக்குப் போய், 1999-இல் எழுதும் சி.டி.க்குப் போய், உலகின் பெரிய வட்டு உற்பத்தியாளர்களில் ஒன்றாக நொய்டாவில் நின்றது. 28 ரூபாய்க்கு அவர்கள் போட்ட தமிழ்ப்பட வி.சி.டி.களை வாங்கி அடுக்காத வீடு நம்மிடையே குறைவு. வட்டுக்குக் காலம் முடிந்ததும் அந்த நிறுவனத்துக்கும் முடிந்தது. 2018-இல் சொத்துகளை விற்றுக் கலைக்கும்படி தீர்ப்பாயம் உத்தரவிட்டது. ஆவ்ஷின்ஸ்கியின் கம்பெனியும் 2012-இல் திவாலானது, அவரும் அதே ஆண்டு அக்டோபரில் மறைந்தார். எழுதும் புளூ-ரே, மினிடிஸ்க் வட்டுகளின் உற்பத்தியைச் சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது.

இப்போது என் பீரோவுக்கு வருகிறேன்.

2004-இல் நம் சங்கத்தின் மூத்தவர் ஒருவரிடம் பேட்டி எடுத்தோம். மெஸ் மாமா என்றால் பழையவர்களுக்குத் தெரியும். 1940-களில் கிராண்ட் டிரங்க் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கியவர். அவர் பேசியதை டேப்பில் பிடித்து, 61 நிமிடத்தை ஒரு வட்டில் ஏற்றினேன். பின்னால் திருத்தம் செய்யலாம் என்று அழித்து எழுதும் வட்டாகவே வாங்கினேன். அவர் வீட்டுப் பெட்டியில் போட்டால் "நோ டிஸ்க்" என்றது. "என்னப்பா, நான் பேசினது ஒண்ணுமே இல்லேங்கறதே" என்று சிரித்தார். டேப்பையும் யாரோ வேறு நிகழ்ச்சிக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்த மார்கழியில் குழந்தைகளின் திருப்பாவைப் போட்டிக்கு அவசரமாக ஒரு வட்டு வேண்டியிருந்தது. மேஜைமேல் பெயர் எழுதாமல் ஒன்று கிடந்தது. 'விரைவு அழிப்பு' என்ற பொத்தானை அழுத்தியவன் நான்தான். வேறு யாரையும் சொல்லிப் பயனில்லை. மாமா மறுவருடம் காலமானார். அவர் மகள் குரலைக் கேட்டு வந்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. அவரிடம் அன்று என்ன சொன்னேன் என்று எழுத எனக்கு மனமில்லை.

பல வருடம் கழித்து, இந்தக் கலவைகளைப் பற்றிப் படித்தபோதுதான் ஒன்று உறைத்தது. விரைவு அழிப்பு என்பது வட்டின் உள்விளிம்பில் இருக்கும் பொருளடக்கத்தை மட்டும் அழிக்கும். வட்டு முழுவதையும் அழிக்க நேரமாகும் என்பதால் மற்றதை அப்படியே விட்டுவிடும். வட்டைச் சாய்த்து விளக்கில் பார்த்தேன். திருப்பாவை 18 நிமிடம்தான். ஆனால் நிறம் மாறிய வளையம் அதைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது. மாமா உள்ளேதான் இருக்கிறார்! பொருளடக்கத்தில் இல்லாததால், 'முடிந்தது' என்ற குறியைத் தாண்டி டிரைவ் போகமாட்டேன் என்கிறது.

சென்ற குளிர்காலத்தில் என் பேரன் ஒரு பழைய டிரைவின் மூடியைக் கழற்றி ஒரு வேலை செய்தான். 74 நிமிடப் பாட்டு வட்டு ஒன்றைப் போட்டான். டிரைவ் அதன் பொருளடக்கத்தைப் படித்து மனதில் வைத்துக்கொண்டதும், அது அறியாமல் வட்டை மாற்றி மாமாவின் வட்டை வைத்தான். இருபதாவது நிமிடத்துக்குப் போ என்றான். இரண்டு டிரைவ் மறுத்துவிட்டது. மூன்றாவது, இவ்வளவு மங்கலான வட்டையும் படிக்கத் தெரிந்த பழைய டிரைவ், கரகரவென்று தேடிவிட்டுப் போயிற்று. முதலில் இரைச்சல். அப்புறம் பாதி வாக்கியத்திலிருந்து, "…ரசம் மட்டும் நான்தான் வைப்பேன், வேற யாரையும் விடமாட்டேன்" என்று மாமா.

41 நிமிடம் கிடைத்தது. அதை மூன்று இடத்தில் பிரதி எடுத்து வைத்து, அவர் மகளுக்கும் கொடுத்தாயிற்று. முதல் 18 நிமிடமும், அதை ஒட்டிய முடிவுப் பகுதி எழுதப்பட்ட ஒன்றரை நிமிடமும் போனது போனதுதான். அந்த இடத்துப் பூச்சு உருகி வேறு எழுத்தாகிவிட்டது. தன் ஊரைப் பற்றியும், தில்லிக்குக் கிளம்பிய நாளைப் பற்றியும் மாமா பேசியது அந்தப் பகுதியில்தான். 2004-இல் அந்த டேப்பிலிருந்து கேசட்டில் பிரதி எடுத்துக்கொண்டு போனவர்கள் இருவர் மூவர் உண்டு என்று ஞாபகம். பரணில் கிடந்தால், பூசணம் பூத்திருந்தாலும் பரவாயில்லை, நீங்களாகப் போட்டுப் பார்க்காமல் சங்க அலுவலகத்தில் சொல்லுங்கள். நானே வந்து வாங்கிக்கொள்கிறேன்.